பத்து லட்சத்து மூன்று அடி

நாவல்குறிச்சியில் மழைக்கும் குறைவில்லாமல் வழக்குக்கும் குறைவில்லாமல் இருந்த ஒரு வருஷத்தில், பஞ்சு மில் வேலாயுதப்பெருமாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியவர் பிறகு திறக்கவே இல்லை. அவருடைய காரியம் முடிந்து, வந்திருந்த சொந்தக்காரர்கள் இலையை மடித்துக் கை கழுவப் போவதற்குள், அவருடைய பிள்ளைகள் மூன்று பேரும் சொத்தைப் பிரித்துக்கொள்வது என்று முடிவெடுத்துவிட்டார்கள். அந்த வீட்டில் மூன்று பேரும் ஒரே மனதாக எடுத்த முதல் முடிவு அது.

மூத்தவர் பரமகுரு, கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் இரண்டு தடவை சொல்கிறவர். அடுத்தவர் கோமதிநாயகம், பஜாரில் பெயின்ட் கடை வைத்திருப்பவர், எதையும் ஒரு தடவைகூடக் காதில் வாங்காதவர். கடைசி உலகம்மாள், அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். கட்டிக்கொடுத்த இடத்தில் கொஞ்ச வருஷம் இருந்து பார்த்துவிட்டு, இனி முடியாது என்று ஒரு சூட்கேஸோடு திரும்பி வந்தவள். அவளுக்கு அந்தப் பெரிய வீட்டில் கொடுத்திருந்தது நடு அறை. நடு அறைக்கு இரண்டு கதவு. முன்கட்டிலிருந்து அடுப்படிக்குப் போகிறவர்களும் அடுப்படியிலிருந்து முன்கட்டுக்கு வருகிறவர்களும் அவள் கட்டிலைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அவள் சேலை மாற்றினாலும், கடவுளைக் கும்பிட்டாலும், தலைவலி என்று படுத்தாலும், யாராவது ஒருவர் கையில் காப்பி டம்ளரோடு குறுக்கே போய்க்கொண்டிருப்பார். பரமகுரு தன் பங்கில் பிளாட் போட நினைத்தார், கோமதிநாயகம் கல்யாண மண்டபம் கட்ட நினைத்தார், உலகம்மாள் நினைத்ததெல்லாம் ஒரே ஒரு கதவு உள்ள ஓர் அறை.

மில் எப்போதோ மூடிப்போனது. மிஞ்சியிருந்தது வீடும் அதைச் சுற்றிக் கிடந்த காலி இடமும்தான். அதை அளக்க சர்வேயர் மைதீன்பிச்சை வந்தார். வெயிலில் நாள் முழுக்க அளந்து, கூட்டிப் பார்த்து, நம்பாமல் மறுநாளும் அளந்து, கடைசியில் இடம் பத்து லட்சத்து மூன்று சதுர அடி என்றார். தலைக்கு மூன்று லட்சத்து முப்பத்து மூவாயிரத்து முந்நூற்று முப்பத்து நான்கு அடி போக, ஓர் அடி மிச்சம் விழுந்தது. மிச்சத்தையும் மூன்றாக உடைத்துத் தசமத்தில் எழுதிவிடலாம், சர்க்கார் ஒத்துக்கொள்ளும் என்று சொல்லி, எல்லைக்கல்லை ஊன்றி, மோர் குடித்துவிட்டுப் போனார்.

சர்க்கார் ஒத்துக்கொண்டது. நிலம் ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் பார்த்தால் கற்கள் அத்தனையும் ஊன்றிய இடத்தைவிட்டு எழுந்து வந்து, பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப்போல மில் கேட்டடியில் வரிசையாக நின்றிருந்தன. ஊன்றிய குழிகள் தூர்ந்து, அதன்மேல் நெருஞ்சி பூத்திருந்தது.

பரமகுரு தம்பியைச் சந்தேகப்பட்டார், தம்பி அண்ணனைச் சந்தேகப்பட்டார், இரண்டு பேரும் சேர்ந்து தங்கையைச் சந்தேகப்பட்டார்கள். கல்லைத் திரும்ப ஊன்றினார்கள், சிமென்ட் போட்டு ஊன்றினார்கள், கல்லுக்குப் பதில் முள்கம்பி இழுத்தார்கள், கடைசியில் கோமதிநாயகம் கொத்தனாரை வைத்து இடுப்பளவு சுவரே எழுப்பினார். எல்லாம் காலையில் கேட்டடிக்கு வந்து சேர்ந்தன. சுவர் வந்தபோது கொஞ்சம் களைத்துப்போய் ஒருக்களித்துச் சாய்ந்திருந்தது. இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள், வீட்டிலுள்ள தலைகளை எல்லாம் எண்ணி ஏழாகவும் பதினொன்றாகவும் பிரித்துப் பார்த்தார்கள். மைதீன்பிச்சை ஒவ்வொரு தடவையும் வந்து அளந்தார். நிலம் ஒவ்வொரு தடவையும் பத்து லட்சத்து மூன்று என்றே சொன்னது. என்னுடைய வேலையில் தரையைப் பற்றி எத்தனையோ பேர் பொய் சொல்லி இருக்கிறார்கள், தரை பிடிவாதம் பிடித்து இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லி, டேப்பைச் சுருட்டிக்கொண்டார்.

நாவல்குறிச்சிக்காரர்கள் இதற்காக வாயைப் பிளக்கவில்லை. கேட்டடியில் கல் நிற்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, நிற்கிறது என்று தெரிந்ததும் பால் வாங்கப் போனார்கள். காரணம் சொல்ல மகளிர் கல்லூரியில் கணக்கு நடத்துகிற ஜெசிந்தாவை உலகம்மாள்தான் அழைத்து வந்தாள். ஜெசிந்தாவின் மூத்த பிள்ளை உலகம்மாளின் கையில் விழுந்தது, அந்தப் பழக்கம். அவள் கேட்டடிக் கல் ஒன்றின்மேல் உட்கார்ந்து நெடுநேரம் கணக்குப் போட்டாள். இந்த எண்ணை ஏழால் வகுத்தால் நான்கு மிச்சம், பதினொன்றால் வகுத்தாலும் நான்கு மிச்சம், பதின்மூன்றாலும் முப்பத்தேழாலும் வகுத்தாலும் அதே நான்கு மிச்சம். இரண்டால், மூன்றால், ஆறால் வகுத்தால் ஒன்று மிச்சம். ஆயிரத்துக்குக் கீழே இருக்கிற நூற்று அறுபத்தெட்டுப் பகா எண்களை வைத்து முட்டிப் பார்த்தால் போதும், அதற்கு மேல் தேட வேண்டியதில்லை, நான் முட்டிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் இதை உடைக்கவில்லை என்றாள்.

"இது பகா எண் அண்ணாச்சி. ஒண்ணால வகுபடும், தன்னால வகுபடும். வேற எதுக்கும் மசியாது."

இந்த ஒரு வாக்கியம் பஜாருக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டாகிவிட்டது. ஒன்றால் வகுபடும் என்றால் ஒரே ஆள் முழுசாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம், அந்த ஒரே ஆள் மூத்தவராகத்தான் இருக்க முடியும் என்றார் பரமகுரு. தன்னால் வகுபடும் என்றால் தானாகப் பிரியும், அதுவரை யாரும் கை வைக்கக் கூடாது என்று அர்த்தம் என்றார் கோமதிநாயகம். டீக்கடையில் இடது பெஞ்சு ஒன்றால் என்றது, வலது பெஞ்சு தன்னால் என்றது. தன்னால் என்றால் பத்து லட்சத்து மூன்று பேருக்கு ஆளுக்கு ஓர் அடி என்று ஜெசிந்தா விளக்கியதை யாரும் கேட்கவில்லை. அத்தனை பேரும் ஓரடி நிலத்தில் நின்றுகொண்டு என்னதான் செய்வார்கள்?

பிரியாத நிலம் என்ற பேச்சு ஊர் தாண்டிப் போயிற்று. முதலில் ஒரு மாமியார் வந்து, மகன் தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறான் என்று சொல்லி முந்தானையில் ஒரு பிடி மண் முடிந்துகொண்டு போனாள். மகன் போகவில்லை. அந்த வீட்டில் அதன் பிறகு யாருக்கும் தூக்கமும் இல்லை, ஆனால் மாமியார் பொங்கல் வைக்க வந்தாள். பிறகு கூட்டாகத் தறி போட்டவர்கள் வந்தார்கள், பங்காளிகள் வந்தார்கள், வக்கீல் வீட்டுப் படியை ஏறி இறங்கிய தம்பதிகள் வந்தார்கள். உடையப் போகிறது என்று எல்லாரும் எதிர்பார்த்திருந்த ஒரு கட்சியின் ஒன்றியச் செயலாளர் ஒரு சாக்கு மண்ணை அள்ளிக்கொண்டு போய்க் கட்சி ஆபீஸ் வாசலில் தூவினார். கட்சி உடையவில்லை. இரண்டு கோஷ்டியும் ஒரே அறைக்குள் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் நாற்காலியால் அடித்துக்கொண்டு ஒற்றுமையாக இருந்தார்கள். கேட்டடிக் கற்களில் நடுவில் நின்றதற்கு யாரோ மஞ்சள் பூசினார்கள், யாரோ பாவாடை கட்டினார்கள், ஆடி பிறப்பதற்குள் பகாத்தம்மன் என்று பெயர் விழுந்து, நூற்று அறுபத்தெட்டுச் சுற்று சுற்றினால் குடும்பம் பிரியாது என்ற வேண்டுதலும் ஏற்பட்டுவிட்டது. மாவட்டத்திலிருந்து ஒரு விழாவில் ஒற்றுமைக்கான குடும்பம் என்று பாராட்டி மூன்று பேரையும் மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்தினார்கள். மூன்று பேரும் மூன்று திசையைப் பார்த்தபடி புகைப்படத்துக்கு நின்றார்கள்.

உலகம்மாளின் அறையில் நடமாட்டம் இன்னும் கூடிப்போயிற்று. பிரியாத வீட்டின் அடுப்படிச் சாம்பலுக்கும் சக்தி உண்டு என்று சாமி கும்பிட வந்தவர்களும் அவள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். சிலர் போகிற போக்கில் அவளைக் கும்பிட்டார்கள்.

இப்படியே போயிருக்கும். பரமகுருவின் மகன் சபாபதிக்குக் கடையநல்லூரில் ஒரு பெண் அமைந்தது. பெண்ணுக்கும் பிடித்து, பையனுக்கும் பிடித்து, பெண்ணின் அப்பா நிச்சயம் செய்ய வந்த இடத்தில் கேட்டடியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அம்மனைக் கும்பிட்டார். தன் தம்பிகளோடு பிரியாமல் இருக்க ஒரு பொட்டலம் மண்ணும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு உள்ளே வந்து, காப்பியைக் குடித்து முடித்து, பெண்ணைத் தர இயலாது என்று சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீய. சாமி பெரிய சாமிதான், நான் இல்லேங்கல. ஆனா புருஷனும் பொண்டாட்டியும் தனியாப் போகணும்னு நெனச்சாக்கூடப் போக முடியாத வீட்டுக்கு எப்படிப் பொண்ணு குடுக்கது?"

அன்றைக்குப் பரமகுரு எதையும் இரண்டு தடவை சொல்லவில்லை. ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சபாபதி சாப்பிடாமல் வெளியே போனவன் சாயங்காலம் வரை வரவில்லை. உலகம்மாள் டியூட்டி முடிந்து வந்தபோது பெரியண்ணன் அவளுடைய கட்டிலில் உட்கார்ந்திருந்தார். குறுக்கே போகிற வழியில் கால் ஓய்ந்து உட்கார்ந்துவிட்டவர்போல இருந்தது. தம்பியைக் கூப்பிடச் சொன்னார். கோமதிநாயகம் வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டார். அவள்தான் பேசினாள். ஜெசிந்தா போகிறபோது சொல்லிவிட்டுப் போனது அவளுக்கு நினைவிருந்தது. பத்து லட்சத்து மூன்றுதான் மசியாது, பத்து லட்சத்து இரண்டு நல்ல எண், மூன்றுக்கும் மசியும், இரண்டுக்கும் மசியும். மிச்சம் விழுகிற அந்த ஓர் அடியை யாரும் வைத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டால் போதும்.

"எனக்கு அந்த ஒரு அடி வேண்டாம்" என்றாள் உலகம்மாள். "நீங்களும் வேண்டாம்னு வாய்விட்டுச் சொல்லுங்க."

கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் அந்தக் குடும்பத்தில் வேண்டாம் என்ற சொல்லைச் சாப்பாட்டுப் பந்தியில் தவிர வேறெங்கும் யாரும் சொன்னதில்லை. பரமகுரு தொண்டையைக் கனைத்தார், தண்ணீர் கேட்டுக் குடித்தார், அது எந்தப் பக்கத்து அடி என்று விசாரித்தார். கோமதிநாயகம் நாளைக்குச் சொல்கிறேன் என்று போய், கடையில் பெயின்ட் டப்பாக்களைப் பார்த்துச் சொல்லிப் பழகிக்கொண்டு வந்தார். கடைசியில் இரண்டு பேரும் சொன்னார்கள். கேட்டை ஒட்டிய ஓர் அடியைச் சுற்றி மைதீன்பிச்சை சுண்ணாம்பால் கோடு போட்டார்.

பத்திரம் பதிகிற அலுவலகத்தில் அந்த ஓர் அடிக்கு உரிமையாளர் பெயர் கேட்டார்கள். யாருமில்லை என்றால், பெயர் இல்லாத நிலம் கிடையாது, யாருமில்லை என்றால் சர்க்கார் என்று அர்த்தம் என்றார்கள். சர்க்கார் என்றாலும் ஓர் ஆள் ஆயிற்றே என்று பயந்து, அந்த அடியைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் மற்றதை மட்டும் பதிந்துகொண்டு வந்தார்கள். கற்களை ஊன்றினார்கள். காலையில் கற்கள் ஊன்றிய இடத்திலேயே நின்றன. பரமகுரு ஒவ்வொரு கல்லாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, நிற்குது, நிற்குது என்று இரண்டு தடவை சொன்னார்.

ஊரால்தான் தாங்க முடியவில்லை. யாருக்கும் சொந்தமில்லாத ஓர் அடி நிலம் தெருவைப் பார்த்து வெறுமனே கிடக்கிறது என்பது நாவல்குறிச்சிக்காரர்களுக்குப் பல் விழுந்த இடத்தைப்போல உறுத்தியது. போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்தார்கள். அந்த வாரமே ஒரு கட்சிக்காரர்கள் வந்து கொடிக்கம்பம் நட்டார்கள். மறுநாள் கற்கள் கேட்டடிக்குத் திரும்பி வந்திருந்தன. கெஞ்சிக் கூத்தாடிக் கம்பத்தைப் பிடுங்க வைத்தால், அந்தக் குழியிலேயே இன்னொரு கட்சிக்காரர்கள் வேறு கொடி நட்டார்கள். அதையும் எடுத்த பிறகு ஒரு குட்டிப் பிள்ளையார் வந்து உட்கார்ந்தார். பிள்ளையாரைக் குளக்கரைக்கு மரியாதையோடு அனுப்பி வைத்தால் ஆட்டோ ஸ்டாண்டு போர்டு வந்தது, போர்டு போனதும் சிம்கார்டு விற்கிற குடை வந்தது. ஒவ்வொரு தடவையும் அந்த அடி யாருக்கோ உரியதாயிற்று, ஒவ்வொரு தடவையும் கற்கள் எழுந்து நடந்து வந்தன. ஒரு கறுப்பு நாய் மட்டும் மத்தியானங்களில் அங்கே வந்து படுத்தது. அது படுத்திருந்தபோதெல்லாம் கற்கள் அசையவில்லை. இது என் இடம் என்ற நினைப்பு நாய்க்கு இல்லாமல் இருந்திருக்கலாம்.

பிறகு உலகம்மாளே காவலுக்கு உட்கார்ந்தாள். லீவு போட்டுவிட்டு, கோட்டுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வெயிலுக்குத் துண்டைத் தலையில் போர்த்திக்கொண்டு, வருகிறவர்களை எல்லாம் விரட்டினாள். கட்டட வேலை தொடங்கியிருந்தது. அவளுடைய ஒற்றை அறைக்குக் கதவு நிலை வைத்துவிட்டார்கள். ஆனால் அவள் நாள்தோறும் அங்கேயே உட்கார்ந்திருந்ததில் ஊருக்குள் அதற்கு ஒரு பெயர் பிறந்துவிட்டது. பஸ் கண்டக்டர் இறங்குகிறவர்களிடம் கேட்டார், எங்கே, நர்ஸம்மா இடத்திலேயா? கல்யாணப் பத்திரிகை ஒன்றில் வழி சொல்லும்போது நர்ஸம்மா இடத்துக்கு எதிர்ப்புறம் என்று அச்சடித்திருந்தார்கள். அன்றைக்குக் காலையில் கற்கள் மட்டுமில்லை, அவளுடைய அறையின் நிலையும் கழன்று வந்து அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றது.

அவள் அதுவரை அழுததில்லை. அன்றைக்கு நடு அறைக்குப் போய் அழலாம் என்று உட்கார்ந்தால், அண்ணன் மனைவி அரிசியோடு ஒரு தடவை, சின்னண்ணன் பேப்பரோடு ஒரு தடவை, சாம்பல் கேட்டு வந்த ஒரு குடும்பம் ஒரு தடவை என்று குறுக்கே போய்க்கொண்டிருந்ததில், அழுகையைத் தொடங்கித் தொடங்கி நிறுத்த வேண்டியிருந்தது. கடைசியில் எழுந்து, அடுப்படியில் அன்றைக்கு ஆய்ந்த சாளை மீனின் செதிலும் குடலும் கிடந்த சட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், சுண்ணாம்புக் கோட்டுக்கு நடுவில் கவிழ்த்துவிட்டு, யாரையும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் திரும்பி வரும்போது அதன்மேல் வாழைமட்டை கிடந்தது. காலையில் முட்டை ஓடும், கிழிந்த தலையணையும், யாரோ வீட்டு முருங்கைச் சக்கையும் சேர்ந்திருந்தன. எதிர்வீட்டுக்காரர்கள் போட்டதாகப் பேச்சு, எதிர்வீட்டுக்காரர்களைக் கேட்டால் பக்கத்துத் தெரு என்றார்கள், பக்கத்துத் தெருவைக் கேட்டால் பஜார் என்றார்கள். கொடியோடு ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்த கட்சிக்காரர்கள், தலைவருக்கு மரியாதையாக இருக்காது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார்கள். தூய்மைப் பணியாளர் அது தன்னுடைய வார்டு எல்லைக்குள் வரவில்லை என்றார். அடுத்த வார்டுக்காரர் அது காம்பவுண்டுக்கு உள்ளே இருக்கிறது என்றார். நர்ஸம்மா இடம் என்று யாரும் சொல்லவில்லை. கற்கள் தாங்களாகவே எழுந்து, வந்த வழியே போய், பழைய குழிகளில் நின்றுகொண்டன. அறையின் நிலையும் போய்ச் சேர்ந்தது.

சுவர்கள் எழுந்தன. சபாபதிக்குக் கடையநல்லூர்ப் பெண்ணையே முடித்தார்கள். அவள் வந்த மறுமாதமே புருஷனோடு தனியாகப் போனாள். பரமகுரு அதைப் பஜார் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பகாத்தம்மன் மலையேறிவிட்டாள் என்று சொல்லிப் பாவாடையை அவிழ்த்துக்கொண்டார்கள். கட்சி அந்த வாரமே உடைந்தது, உடைந்த இரண்டிலும் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உலகம்மாள் தன் ஓர் அறைக்குக் குடிபோனாள். முதல் நாள் கதவைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள். யாரும் குறுக்கே போகவில்லை. கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி, வாய்க்கு வந்த ஒரு பாட்டை முழுசாகப் பாடி முடித்தாள்.

மூன்று வீட்டுக்கும் ஒரு வேலை மட்டும் பாக்கி இருந்தது. அந்தக் குப்பை வற்றிவிடக் கூடாது. வெயிலில் காய்ந்து, காற்றில் பறந்து, ஆடுகள் தின்று தரை தெரிய ஆரம்பித்தால் மறுபடி யாராவது கொடியோடு வந்துவிடுவார்கள். அதற்காக அக்கறை காட்டவும் முடியாது. எங்கள் குப்பை என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் கற்கள் கிளம்பிவிடும். அதனால் காலையில் பால்காரன் போன பிறகு பரமகுரு ஒரு வாளியோடு தற்செயலாக அந்தப் பக்கம் வருவார். கோமதிநாயகம் தற்செயலாக வருவார். உலகம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் தற்செயலாக வருவாள். எங்கேயோ பார்த்துக்கொண்டு கவிழ்ப்பார்கள். கவிழ்த்த உடனே போனால் சந்தேகம் வரும் என்று கொஞ்ச நேரம் நின்று வேறு எதையாவது பேசுவார்கள். பரமகுருவுக்குச் சர்க்கரை ஏறியிருப்பது அங்கேதான் தெரிந்தது. கோமதிநாயகத்துக்குச் சின்ன வயசில் படகு ஓட்ட ஆசை இருந்தது என்பதும் அங்கேதான் தெரிந்தது. அப்பா சாகிறதற்கு முந்தின நாள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக என்ன சொன்னார் என்று மூன்று பேரும் சொல்லிக்கொண்டார்கள். மூன்று பேரிடமும் மோரில் உப்புக் குறைவு என்றுதான் சொல்லியிருந்தார்.

அந்த வருஷம் ஊர்களுக்குள் சுத்தப் போட்டி வந்தது. வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கி, கேட்டடியில் நின்று, கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, இது யாருடைய குப்பை என்று கேட்டார். கூட்டம் கூடிவிட்டது. மூன்று பேரும் வாளியைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்கள். அதிகாரி ஒவ்வொருவராகக் கேட்டார். டீக்கடையின் இரண்டு பெஞ்சும், எதிர்வீடும், பக்கத்துத் தெருவும், உடைந்த கட்சியின் இரண்டு பாதியும், ஒருவர் விடாமல், எங்களுடையது இல்லை என்றார்கள். அந்த ஊரில் எல்லாரும் சேர்ந்து ஒரே குரலில் சொன்னது அதுவரைக்கும் அது ஒன்றுதான், அதுவும் மனசறிந்து சொன்னது. யாருடையதென்று தெரியாத குப்பையை யாரை வைத்து அள்ளச் சொல்வது என்று விதியில் இல்லாததால், அதிகாரி அதைச் சுற்றிக்கொண்டு போய் ஜீப்பில் ஏறினார்.

கூட்டம் கலைந்த பிறகு மூன்று பேரும் வாளியைக் கவிழ்த்தார்கள். கோமதிநாயகம் கடை திறக்கப் போய்விட்டார். உலகம்மாள் கைப்பையை மாட்டிக்கொண்டு திரும்பும்போது பரமகுரு கூப்பிட்டார்.

"ஏட்டி உலகு, நாளைக்கு வருவியா?"

"குப்பை இருந்தா வருவேன்."

அவர் வாளியைப் பார்த்தார், பிறகு சாலையைப் பார்த்தார்.

"இல்லாட்டியும் வா" என்றார். ஒரு தடவைதான் சொன்னார்.

மறுநாள் காலையில் உலகம்மாளின் அறை துடைத்து வைத்ததுபோல இருந்தது. முந்தின நாள் ஆஸ்பத்திரியிலேயே சாப்பிட்டுவிட்டதால் வெங்காயத் தோல்கூட இல்லை. அவள் கொஞ்ச நேரம் நின்று சுற்றிலும் பார்த்தாள். பிறகு மூலையில் வாழைத்தாரில் தொங்கிய கோழிக்கூட்டுப் பழத்தில் ஒன்றைப் பறித்து, பசியில்லாமலே நின்றபடி தின்று முடித்து, தோலை வாளியில் போட்டு எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பினாள்.